திராட்சைக் கொடியும் காலின் நாளமும்: ‘தவாலீ’ நோயின் சிகிச்சை வரலாறு

உம்மாவின் இடது கணுக்காலின் உட்புறத்தில் ஒரு புண் இருப்பது எனக்குத் தெரியவந்தபோது அந்தப் புண்ணுக்கு வயது இரண்டு வருஷம். இடியப்பம் அவித்து விற்று எங்கள் நாலு பேரையும் படிக்க வைத்தவர் அவர். சுபஹுக்கு முன்னர் அடுப்படிக்குப் போனால் வெயில் ஏறும்வரை நின்றபடிதான். அவரது முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில் நரம்பு முறுக்கி எழும்பி இருந்ததை நாங்கள் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறோம். கேட்டால், “அது நம்மட பரம்பரைக் கால், ஒண்டும் செய்யாது” என்பார். புண்ணை மட்டும் மறைத்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஆம்புளை டொக்டருக்குக் காலத் தூக்கிக் காட்டச் சொல்றியா மகன்?” என்றார்.

அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் தேடி வாசிக்க வைத்தது. சாதாரணமாக நாம் கவனிக்காமல் விடும் இந்தக் கால் நோய்க்கு மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சிகிச்சை வரலாறு இருக்கிறது. அதன் நடுப்பகுதியில் இரண்டு முஸ்லிம் மருத்துவர்கள் நிற்கிறார்கள். அவர்களை எப்படி நினைவுகூர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

நோய்க்கு வந்த பெயர்

நமது பேச்சு வழக்கில் இது ‘நரம்பு சுருளுறது’. உண்மையில் இதற்கும் நரம்புக்கும் தொடர்பில்லை. நரம்பு என்பது உணர்ச்சியைக் கொண்டுசெல்வது. சுருண்டு புடைப்பது நாளம். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது நாடி, அதனைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுவருவது நாளம் என்று எங்கள் பாடசாலை விஞ்ஞானப் புத்தகமே சொல்கிறது. ஆஸ்பத்திரியில் ‘வெரிகோஸ் வெயின்’ என்பார்கள்.

அரபு மருத்துவ நூல்களில் இதன் பெயர் ‘தவாலீ’. ‘தாலியா’ என்ற சொல்லின் பன்மை அது. தாலியா என்றால் திராட்சைக் கொடி. பந்தலில் முறுக்கிப் படர்ந்து, இடையிடையே முடிச்சு விழுந்து கிடக்கும் முதிர்ந்த கொடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். இன்றும் அரபு நாட்டு வைத்தியசாலைகளில் இதே பெயர்தான் வழங்குகிறது.

குழாயும் கதவும்

வரலாற்றுக்குள் போகுமுன் நோயைச் சற்று விளங்கிக்கொள்வோம். காலிலிருந்து இரத்தம் இதயத்துக்கு ஏறவேண்டும். அதாவது கீழிருந்து மேல் நோக்கி, புவியீர்ப்புக்கு எதிராக. அதற்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி, ஆழத்தில் உள்ள நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மற்றது நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள். ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் போல அவை ஏறிய இரத்தத்தை இறங்க விடாமல் தடுக்கின்றன.

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் நாளத்தில் அமுக்கம் ஏறக்குறைய 90 மில்லிமீற்றர் இரசம் அளவுக்கு இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது 30 அளவுக்குக் கீழிறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கு நடந்தாலும் இந்த இறக்கம் போதியளவு நடப்பதில்லை. மேலேறிய இரத்தம் திரும்பக் கீழே வழிகிறது. தோலுக்கு அடுத்துள்ள நாளம் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் அகன்று, நீண்டு, சுருள்கிறது. காலம் போகப்போகக் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடிக்கும், அரிக்கும். கடைசியில் சின்னக் கீறல் ஒன்றே ஆறாத புண்ணாகிவிடும்.

பரம்பரை, வயது, கர்ப்பம், உடற்பருமன், நீண்ட நேரம் நின்று செய்யும் தொழில் ஆகியன இதற்குத் துணைபோகின்றன. ஆகவே உம்மா சொன்ன ‘பரம்பரைக் கால்’ பாதி உண்மை. ‘ஒண்டும் செய்யாது’ என்பதுதான் பிழை.

பழைய உலகம்

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எபர்ஸ் பப்பைரஸ் எனும் எகிப்திய மருத்துவச் சுருளில், பாம்பு போல வளைந்த குழாய் வீக்கங்களில் கத்தி வைக்கக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை உண்டு. இந்நோயையே அது குறிக்கிறது எனப் பலர் கொள்கின்றனர். கத்தி வைத்தால் இரத்தம் பீறிடும் என்ற அனுபவமே அந்த எச்சரிக்கை.

உரோமர்கள் கத்தி வைத்தார்கள். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ், நாளத்தைச் சுடுவதையும் வெட்டி எடுப்பதையும் விவரிக்கிறார். உரோமத் தளபதி மாரியஸின் கதையைப் புளூட்டாக் எழுதிவைத்திருக்கிறார். இரண்டு கால்களிலும் நாளம் சுருண்டிருந்த மாரியஸ், தன்னைக் கட்டிவைக்க வேண்டாம் என்று சொல்லி, முனகாமல் ஒரு காலை அறுக்கக் கொடுத்தார். மற்றக் காலை நீட்டச் சொன்னபோது மறுத்துவிட்டார். இந்தச் சுகம் இந்த நோவுக்குப் பெறுமதியில்லை என்பது அவரது கணக்கு. மயக்க மருந்தில்லாத காலத்தின் சிகிச்சையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கதை போதும்.

ஏழாம் நூற்றாண்டில் பவுலோஸ் எனும் கிரேக்க மருத்துவர் அலெக்சாந்திரியாவில் இருந்தார். தொடையில் நாளத்தைத் திறந்து, நூலால் கட்டி, இடைப்பகுதியை அகற்றும் முறையை அவர் தெளிவாக எழுதினார். அவரது நூலைப் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபுக்குக் கொண்டுவந்தார். இந்த இடத்திலிருந்துதான் எங்கள் கதை தொடங்குகிறது.

இப்னு ஸீனாவின் கவனிப்பு

இப்னு ஸீனா (980 – 1037) தமது ‘கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில், தலையிலிருந்து கால்வரை நோய்களை வரிசைப்படுத்திக்கொண்டு வரும்போது, கடைசிப் பகுதியில் தவாலீயைப் பேசுகிறார். கால் நாளங்களுக்கு இரத்தம் மிகையாக இறங்குவதால் அவை விரிகின்றன என்பது அவரது விளக்கம். பெரும்பாலும் அது ‘ஸவ்தா’ எனும் கரும்பித்தம் கலந்த இரத்தம் என்கிறார்.

இது யாருக்கு வருகிறது என்பதற்கு அவர் தரும் பட்டியல்தான் என்னை நிறுத்தி வைத்தது. தூது செல்லும் ஓட்டக்காரர், கால்நடையாகத் திரிவோர், சுமை தூக்குவோர், அரசர்களின் முன்னிலையில் நின்றுகொண்டிருப்போர். கடைசியாகச் சொன்னவர்களைக் கவனியுங்கள். அவர்கள் பாரம் தூக்கவில்லை, ஓடவில்லை, சும்மா நிற்கிறார்கள். நிற்பதே ஒரு காரணம் என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னர் ஒருவர் கண்டிருக்கிறார். இன்று அந்தப் பட்டியலை எழுதினால் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர், புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பொடியன், அடுப்படியில் நிற்கும் உம்மா என்று எழுதலாம்.

அவர் சொன்ன சிகிச்சைகளுள் இரண்டு வகையை இங்கே குறிப்பிடலாம். ஒன்று கரும்பித்தத்தை வெளியேற்றுவது, அதாவது இரத்தம் குத்தி எடுப்பதும் பேதி மருந்தும். மற்றது காலைக் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டுவது. முதலாவதை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. இரண்டாவது இன்றும் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது. பாதத்தில் இறுக்கம் கூடியும் மேலே போகப்போகக் குறைந்தும் கட்டும்போது, விரிந்த நாளம் ஒடுங்கி, இரத்தம் மேல் நோக்கி நகர்கிறது. மாறாக, மேலே இறுக்கம் கூடும்படி கட்டினால் நோய் கூடும்.

அஸ்ஸஹ்ராவியின் கத்தி

இப்னு ஸீனா கிழக்கில் எழுதிக்கொண்டிருந்த காலத்துக்குச் சற்று முன்னர், மேற்கே அந்தலூஸில் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி தமது ‘கிதாபுத் தஸ்ரீப்’ எனும் நூலை முடித்தார். குர்துபாவுக்கு அருகே மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டிய மதீனத்துஸ் ஸஹ்ரா நகரத்தவர் அவர். கி.பி. 1013 அளவில் வபாத்தானார். தஸ்ரீப் முப்பது பகுதிகளைக் கொண்டது. கடைசிப் பகுதி முழுவதும் சத்திரசிகிச்சை. இருநூறு அளவிலான கருவிகளின் படங்கள் அதில் உள்ளன.

தவாலீக்கான அத்தியாயத்தில் அவர் இரண்டு முறைகளைச் சொல்கிறார். முதலாவது, நாளத்தைக் கீறிக் கறுத்த இரத்தத்தை வடியவிட்டுக் கட்டுவது. இரண்டாவதுதான் முக்கியமானது. நோயாளியின் காலை மழித்து, வெந்நீரால் நாளங்கள் நன்றாகப் புடைக்கும்வரை சூடேற்ற வேண்டும். பின்னர் தோலைக் கீறி, கொக்கிகளால் விலக்கி, நாளத்தைச் சுற்றியுள்ள தசையிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். இப்படி வேறுவேறு இடங்களில் திறந்து, கீழே கணுக்கால் பக்கத்தில் அறுத்து, மேலேயுள்ள வெட்டு வழியாக நாளத்தை முழுதாக உருவி எடுக்க வேண்டும். வர மறுத்தால் உறுதியான நூலைக் கோத்துக் கட்டி, மெதுவாக இழுக்க வேண்டும். இடையில் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி அவர் எச்சரிக்கிறார். அறுந்தால் மிச்சத்தை எடுப்பது பெரும்பாடு. கையால் செய்து பார்த்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய எச்சரிக்கை இது.

அதே பகுதியின் முகவுரையில், தமது நாட்டில் கைதேர்ந்த சத்திரசிகிச்சையாளர் இல்லாமல் போனதைப் பற்றி மாணவர்களிடம் மனம்விட்டுப் பேசுகிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுத்த அறிவில்லா வைத்தியர் ஒருவர் நாடிகளை வெட்டிவிட, அப்பெண் இரத்தம் போய் மௌத்தானதைத் தாம் கண்டதாக எழுதுகிறார். உடலமைப்பைப் படிக்காமல் கத்தியைத் தொடாதீர்கள் என்பதே அதன் சாரம். தம் தொழிலில் நடக்கும் பிழைகளை மூடிமறைக்காமல் எழுதிவைத்த இந்த நேர்மையை அவரது கருவிகளைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெராட் இந்தப் பகுதியைத் தொலேதோவில் லத்தீனுக்கு மாற்றினார். 1497இல் அது வெனிஸில் அச்சேறியது. ஐரோப்பியச் சத்திரசிகிச்சையாளர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நமது மேடைகளில் “எல்லாத்தையும் நம்மட ஆக்கள்தான் முதல்ல கண்டுபிடிச்ச” என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அஸ்ஸஹ்ராவி அப்படிப் பேசியவர் அல்லர். பவுலோஸின் நூலை விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளதைத் தம் கையால் சோதித்து, கூட்டியும் திருத்தியும் எழுதியவர். இந்த வைத்திய முறைக்கு நாம் வைத்திருக்கும் ‘யூனானி’ என்ற பெயரே ‘கிரேக்கருடையது’ என்று பொருள்படுவது. இரவல் வாங்கியதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டவர்கள் நம் முன்னோர். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அந்த யூனானியை ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு சேர்த்து அங்கீகரித்திருக்கிறது.

கதவைக் கண்டவர்கள்

இப்னு ஸீனாவுக்கும் அஸ்ஸஹ்ராவிக்கும் தெரியாத ஒன்று உண்டு. இரத்தம் சுற்றி ஓடுகிறது என்பதுதான் அது. ஈரலில் உண்டாகும் இரத்தம் நாளம் வழியாக உறுப்புகளுக்கு வெளியே செல்கிறது என்றே கேலன் காலத்திலிருந்து நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்படி பார்த்தால் காலில் இரத்தம் தேங்குவது, வேண்டாத ஒன்று கீழே இறங்கிச் சேர்வதாகத்தான் தோன்றும். கறுத்த இரத்தம் ‘ஸவ்தா’ ஆனது இப்படித்தான். உண்மையில் நாளத்து இரத்தம் கறுத்திருப்பது ஒட்சிசன் குறைந்திருப்பதால்.

கேலனின் சுவரில் முதல் விரிசலை ஏற்படுத்தியவர்களுள் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நபீஸ் (வபாத் 1288) முக்கியமானவர். இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் வருகிறது என்று, இப்னு ஸீனாவின் நூலுக்கு எழுதிய விரிவுரையிலேயே அவரை மறுத்து எழுதினார். பெரியவரை மதிப்பதும் அவர் பிழையைத் திருத்துவதும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை.

1603இல் பதுவா நகரப் பேராசிரியர் பப்ரிசியஸ் நாளங்களின் வால்வுகளைப் படங்களுடன் வெளியிட்டார். ஆனாலும் வெளியே போகும் இரத்தத்தின் வேகத்தைக் குறைப்பதே அவற்றின் வேலை என்று நினைத்தார். கதவைக் கண்டார், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதன் பொருளைக் காணவில்லை. அவரது மாணவர் வில்லியம் ஹார்வி கையைக் கட்டி நாளத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். இரத்தம் இதயத்தின் பக்கம் மட்டுமே நகர்ந்தது. 1628இல் இரத்தச் சுற்றோட்டம் நூலாக வெளிவந்தது.

லேசர் கதிரின் நூல் வரை

விளங்கிக்கொண்டவுடனே சிகிச்சை மாறிவிடவில்லை. 1846இல் ஈதர் மயக்க மருந்தும் 1867இல் லிஸ்டரின் கிருமியகற்றல் முறையும் வந்தபின்னரே காலைத் துணிந்து திறக்க முடிந்தது. 1890களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் திரெண்டலன்பேர்க், தொடையில் பெரிய மேல்நாளத்தைக் கட்டி, மேலிருந்து இரத்தம் வழிவதைத் தடுத்தார். 1905 முதல் 1907 வரையான ஆண்டுகளில் அமெரிக்காவின் கெல்லர், மேயோ, பாப்கொக் ஆகியோர் கம்பியையும் வளையத்தையும் கொண்டு நாளத்தை உருவி எடுக்கும் முறைகளை அறிமுகப்படுத்தினர். இந்த ‘உருவுதல்’ கருத்தளவில் அஸ்ஸஹ்ராவி விவரித்ததே. இடையில் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள்.

கொள்கை பிழையாக இருந்தும் அஸ்ஸஹ்ராவியின் சத்திரசிகிச்சைக்குப் பயன் இருந்ததற்குக் காரணம் இப்போது விளங்கும். பித்தத்தை அகற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் அகற்றியது பழுதடைந்த குழாயை. அதே கொள்கையில் பிறந்த இரத்தம் குத்துதல் நிலைக்கவில்லை. ஏனெனில் குழாயின் கதவு பழுதாகவே இருந்தது, மறுநாள் இரத்தம் மறுபடி இறங்கியது.

1990களின் இறுதியிலிருந்து வெட்டும் உருவலும் குறையத் தொடங்கின. ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே, ஊசித் துவாரம் வழியாக மெல்லிய இழையை நாளத்துக்குள் செலுத்தி, லேசர் கதிராலோ வானொலி அலை வெப்பத்தாலோ அதை உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். நுரை மருந்தை ஊசியால் ஏற்றி ஒட்டவைக்கும் முறையும் உண்டு. மூடிய நாளத்தின் இரத்தம் ஆழத்திலுள்ள நல்ல நாளங்கள் வழியே போய்விடும். 2013இல் பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டல் வெப்ப முறையை முதலாவதாகவும், நுரை மருந்தை அடுத்ததாகவும், சத்திரசிகிச்சையை மூன்றாவதாகவும் வைத்தது. 2018இல் அங்கே 450 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவு வெளியானது. கட்டுப் போடுவதோடு நாளத்தையும் ஆரம்பத்திலேயே மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாட்கள். புண் ஆறும்வரை தாமதித்தவர்களுக்கு 82 நாட்கள். உம்மா மறைத்து வைத்தது இரண்டு வருஷம்.

நமக்கு எஞ்சியிருப்பது

இந்த வரலாற்றை வாசித்தபின் எனக்குப் படுவது இதுதான்: முன்னோரிடமிருந்து நாம் எடுக்கவேண்டியது அவர்களது முடிவுகளை அல்ல, அவர்களது பழக்கத்தை. கண்ணால் பார்த்தார்கள், கையால் சோதித்தார்கள், பிழை கண்ட இடத்தில் திருத்தினார்கள். நாமோ ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு சத்திரசிகிச்சையைப் பெருமையாகப் பேசிக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் காலைப் பார்க்காமல் விடுகிறோம்.

சில நடைமுறை விடயங்கள். சுருண்ட நாளத்தின் மேல் ஹிஜாமா வைப்பதும் கீறுவதும் ஆபத்து. இரத்தம் நிற்காமல் போகலாம், புதிய புண் தோன்றலாம். தற்செயலாக நாளம் வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அழுத்தக் காலுறையோ கட்டோ போடுமுன், குறிப்பாகச் சீனி வருத்தம் உள்ளவர்கள், காலுக்குப் போகும் நாடிகளின் ஓட்டத்தை டொக்டரிடம் சோதிக்க வேண்டும். நாடி அடைபட்ட காலை இறுக்கினால் கால் கெட்டுவிடும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நோவெடுத்தால் அது ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அன்றைக்கே காட்டவேண்டும். நின்று தொழில் செய்வோர் இடையிடையே குதிக்காலை உயர்த்தி இறக்குவதும், நடப்பதும், வீட்டில் காலை உயர்த்தி வைப்பதும் பயன் தரும்.

உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று வளர்ந்தவர்களிடம் “வெட்கப்படாதீங்க” என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் தேவை ஏற்படும்போது, தேவையான அளவுக்கு, வைத்தியரிடம் உடலைக் காட்டுவதற்கு ஷரீஅத்தில் இடமுண்டு என்பதை நமது பள்ளி மிம்பர்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம் காட்டலாம், இல்லையென்றால் மஹ்ரமான ஒருவர் கூடப் போகலாம். அதேபோல, “கட்டோட எப்பிடி வுழூச் செய்ற?” என்று கேட்டுக் கட்டை அவிழ்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். கட்டுக்கு மேல் மஸ்ஹ் செய்வது பற்றிப் பிக்ஹ் நூல்களில் தனிச் சட்டம் இருக்கிறது. மத்ஹபுகளுக்கிடையே விபரங்களில் வேறுபாடு இருப்பதால் ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொண்டால் சரி. கேட்காமல் கட்டை அவிழ்ப்பதுதான் தவறு.

உம்மாவை ராத்தா கூட்டிக்கொண்டு போனா. ஸ்கேன் எடுத்து, நாடி ஓட்டம் பார்த்து, முதலில் பல அடுக்குக் கட்டுப் போட்டார்கள். பிறகு நாளத்துக்கான சிகிச்சை நடந்தது. புண் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கணுக்காலில் கறுப்புத் தழும்பு மிச்சம். இப்போது தினமும் காலையில், கட்டிலை விட்டு இறங்குமுன்னர், என் மகள் அவருக்குக் காலுறையை மாட்டிவிடுகிறாள். “கீழ இருந்து மேல இழு புள்ள, சுருங்காம இழு” என்று உம்மா சொல்லிக்கொண்டிருப்பார்.